பானி பாடும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. திபிலிசியில் மருத்துவப் படிப்புக்கு நடுவே ஜார்ஜியப் பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில், "எனக்கு அடிக்குரலான பானிதான் கொடுத்தாங்கப்பா, பாட்டு முழுக்க 'ஓ'ன்னு ஒரே சுரம்" என்றபோது உன் குரல் இறங்கிப்போயிருந்தது. அதிலிருந்து அதே நினைப்பு.

நீ அனுப்பிய சக்ருலோவை நாலைந்து தடவை கேட்டேன். காகேத்திப் பக்கத்து விருந்துப் பாட்டு. 1977-ல் வாயேஜர் விண்கலத்தோடு போன தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் இருப்பது. மேலே இரண்டு பேர் மாறி மாறி இழைக்கிறார்கள். மேல் குரலுக்கு ஒவ்வொரு ஆள்தான். பானிக்கு மட்டும் மொத்தக் கூட்டமும் நிற்கிறது. அந்த இருவரும் எங்கே சுற்றினாலும் திரும்பி வந்து சேர இடம் வேண்டுமே!

பெரியப்பாவின் நாகசுரத்துக்கு நான் பதினோரு வருஷம் ஒத்து, அதாவது ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கும் குழல், ஊதியவன். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். ஒரு சுவாமி புறப்பாட்டில் பெரியப்பா தோடி எடுத்தார். அதில் சொக்கிப்போய் மூச்சை மறந்துவிட்டேன். கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் இழுத்து, சத்தம் அறாமல் விட வேண்டும். ஒரு நொடி அறுந்துவிட்டது. பெரியப்பா நாகசுரத்தின் ஊதுவாயான சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. ஆனால் அந்தத் தோடி அன்றைக்கு மறுபடி எழவே இல்லை. உனக்கு அந்தப் பயம் வேண்டாம். பத்துப் பேர் நிற்கிறீர்கள், ஆளுக்கொரு சமயம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவள் வாங்கும்போது மட்டும் நீ வாங்காதே.

அப்புறம், மேல் குரல் உன்னை இழுக்கிறது என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடுகிறாயாமே, அதை விட்டுவிடு. பஜனையானாலும் நடவுப் பாட்டானாலும் ஒருவர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கிப் பாடிப் பழகிய காது நமக்கு. அங்கே ச, ம, ப மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. ம-வும் ப-வும் பக்கத்தில் பக்கத்தில் உரசுவது முதலில் தப்பு மாதிரித்தான் படும். தப்பில்லை, அவர்கள் ஆசைப்பட்டுத் தேடிப்போகிற உரசல் அது. ஒரு தோழியை ப பாடச் சொல்லிவிட்டு நீ ச-வைப் பிடி. சேராதவரை சத்தம் அலையலையாக ஆடும். சேர்ந்ததும் ஆட்டம் நின்று நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு ரீங்காரம் வரும். அது தெரிய இரண்டு காதும் திறந்திருக்க வேண்டும்.

ஜார்ஜியாவிலேயே குரியா பக்கத்தில் மூன்றே பேர் ஆளுக்கொரு வழியில் போவார்களாம். உச்சிக் குரல் கிரிமாஞ்சுலி, உடைந்து உடைந்து துள்ளும். அதற்கு அவசரம் இல்லை. முதலில் இதில் நில்.

என் ஒத்து பரணில் சும்மா கிடக்கிறது. சுருதிப்பெட்டி வந்தபிறகு யாரும் கூப்பிடுவதில்லை. திருவாவடுதுறையில் சீவாளிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ லீவில் வரும்போது மேல் குரலைப் பாடு, அடியில் நான் ஊதுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது: சில பாட்டில் பானி இடையில் ஒரு சுரம் இறங்கி ஏறுகிறது. ஒத்தில் அது முடியாது. கடைசி வரை இறங்காத பாட்டு உங்கள் குழுவில் இருக்கிறதா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா