ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக்குக்கு வரம்பு கேட்டு ஒரு மனு

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
ஒன்றிய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம், புது தில்லி.

பொருள்: மருந்து ஆலைக் கழிவுநீர் விதிகளின் 2020 வரைவில் இடம்பெற்று, 2021 இறுதி அறிவிப்பில் காணாமல் போன ஆன்டிபயாடிக் வரம்புகளைத் திரும்பச் சேர்க்கக் கோருதல்.

ஐயா,

தமிழில்தான் எழுதுகிறேன். நாட்டில் புழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு இடம் தருகிறது. மொழியைக் காட்டி இதை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

பிழைப்புக்காகத் தெலங்கானா வந்து பதினேழு வருடமாக, ஹைதராபாத்தை ஒட்டி மருந்து ஆலைகள் நிறைந்த பட்டான்செரு பக்கம் குடியிருக்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் கல்ச்சர் பார்ப்பது என் வேலை. கிருமி பரப்பிய தட்டில் சின்ன மருந்து வில்லைகளை வைத்து மறுநாள் பார்ப்போம். மருந்துக்குக் கிருமி கட்டுப்பட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும். இப்போது சிறுநீர்த் தொற்று என்று வருகிற பலருடைய தட்டில் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்து நிற்கிறது. இத்தனைக்கும் ஆலைக் கழிவுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சீட்டில்லாமல் கடையில் மாத்திரை வாங்குவதும், பாதியில் நிறுத்துவதும், கோழிப்பண்ணையும் எல்லாம் சேர்ந்துதான் இது. ஆனால் மாத்திரை விழுங்குகிறவனுக்கு அத்தனை அறிவுரை சொல்கிற அரசு, மாத்திரை செய்கிற இடத்தின் சாக்கடையைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

பட்டான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின், அதாவது அந்த மாத்திரையை விழுங்கியவரின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். ஒரே நாளில் போனது சுமார் 45 கிலோ. 90 லட்சம் பேர் வாழ்ந்த ஸ்வீடனுக்கு ஐந்து நாள் தேவை அது! இதுவும் சுத்திகரித்த பிறகு மிஞ்சியது என்பதுதான் கொடுமை. இசக்கவாகு, நக்கவாகு என்று ஓடை ஓடையாகப் போய் மஞ்சீராவில் சேர்ந்து, அங்கிருந்து கோதாவரிக்குப் போகிற வழி அது. பிறகு குழாய் போட்டு ஹைதராபாத்தில் உள்ள அம்பர்பேட்டை சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினார்கள், அங்கே ஊர்ச் சாக்கடையோடு கலந்து மூசி ஆற்றுக்குப் போகிறது. மனிதக் குடலிலிருந்து வந்த கிருமியும் மருந்து எச்சமும் ஒரே தொட்டியில் சந்தித்தால் என்ன ஆகும்? மருந்தைத் தாங்காத கிருமி செத்துப்போகும், தாங்குவது பெருகும், அது தன் மரபணுவைப் பக்கத்தில் இருக்கிற வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். சாக்கடையில் கிடந்த பாவப்பட்ட ஜந்து ஆஸ்பத்திரியையே ஆட்டிவைக்கும் வில்லனாவது இப்படித்தான்.

இவ்வளவு நடந்தும் ஒரு ஆலை சட்டப்படி சுத்தமாக இருக்கலாம். அமிலத்தன்மை பார்க்கிறோம், ஆக்சிஜன் தேவை பார்க்கிறோம், உப்பு பார்க்கிறோம், தயாரிக்கிற மருந்து எவ்வளவு தண்ணீரில் போகிறது என்பதற்கு மட்டும் வரம்பு இல்லை. 2020 ஜனவரியில் உங்கள் அமைச்சகமே 121 ஆன்டிபயாடிக்குகளுக்கு வரம்பு போட்டு வரைவு வெளியிட்டபோது இங்கே நாங்கள் நிஜமாகவே சந்தோஷப்பட்டோம். 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிப்பு வந்தது, அந்தப் பட்டியல் அதில் இல்லை.

கழிவுநீரே வெளியில் விடாத ஆலைகள் இவை, பிறகு எதற்கு வரம்பு என்று சிலர் கேட்பார்கள். சரி, வெளியே விடாதவருக்கு வரம்பால் என்ன நஷ்டம்? அறிவியல் தெளிவாகவில்லை என்ற சாக்கும் இனி செல்லாது, ஆன்டிபயாடிக் தயாரிப்புக் கழிவுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது.

ஆகவே அந்த வரம்புகளைத் திரும்பச் சட்டமாக்குங்கள். ஆலை வாசலில் மட்டும் அளந்தால் போதாது, ஓடைத் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் அளக்க வேண்டும். அளந்ததை ஆலைவாரியாக, தெலுங்கிலும் சேர்த்து, எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும்போது வரம்பைக் கடைப்பிடிக்கிற ஆலைக்கே டெண்டர் என்றால் பாதி வேலை தானாக நடக்கும்.

நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். பட்டான்செரு மாசு வழக்கு 1990இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், உயர் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் என்று சுற்றி 2017இல்தான் தீர்ப்பு வந்தது. இன்னொரு 27 வருடம் எங்களால் முடியாது. வரைவு உங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பதில் எந்த மொழியில் வந்தாலும் சரி, படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டான்செருவிலிருந்து ஒரு ஆய்வகப் பணியாளர்