பட்டனை அழுத்து, பிறகு நாக்கைப் பார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறி வற்றல் காயப் போடுகிறாள். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே பேரன் வாங்கிக்கொள்கிறான். சொல்ல வந்தது நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். டொராண்டோவில் டிராம் ஓட்டப் பழகும் நீ, தண்டவாளம் பிரியும் பாயிண்டைப் பற்றிப் போன வாரம் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. “பாயிண்டைத் திருப்ப வண்டிக்குள்ளயே பட்டன் இருக்குப்பா. அழுத்துனா ரோட்டுல இருக்கிற பாயிண்ட் தானா திரும்பிருது. அப்படி இருந்தும் ஒவ்வொரு பாயிண்ட் முன்னாடியும் வண்டிய நிப்பாட்டி, கண்ணால பாத்துட்டுத்தான் போகணுமாம். பின்னாடி கார்க்காரங்க ஹாரன் அடிச்சே உசுர எடுக்குறாங்க” என்றாய்.

அந்த ரூல் சரியான ரூல், தாயி. நீ தனியாக வண்டி எடுப்பதற்கு முன்னால் அது ஏன் சரி என்று உனக்கு முழுசாகத் தெரிய வேண்டும். ரயில்வே சிக்னல் பிரிவில் பாயிண்டோடு வாழ்ந்தவன் நான். டிராமை நான் ஓட்டியதில்லை, ஆனால் அந்த இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

நம் மதுரை ஜங்ஷனுக்குள் திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வண்டி வருகிறது என்று வை. எந்த பிளாட்ஃபாரத்துக்குப் போவது என்பதில் டிரைவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் பேனலில் பாதை போடுவார். யார்டில் மோட்டார் ஓடி இரண்டு நாக்கையும், அதாவது சக்கரத்தைத் திருப்பிவிடும் அசையும் இரும்பையும், சேர்த்து இழுக்கும். நாக்கு தண்டவாளத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், லாக் விழ வேண்டும், விழுந்ததற்கு அத்தாட்சி வர வேண்டும். அதன் பிறகுதான் சிக்னல் சிவப்பிலிருந்து மாறும். டிரைவர் பார்ப்பது சிக்னலை மட்டும்தான்.

அந்த அத்தாட்சியை நாங்கள் சும்மா நம்பிவிட மாட்டோம். நாக்கின் நுனியிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் துண்டு ஒன்றை வைப்போம். வைத்துவிட்டு பாயிண்டை ஓட்டச் சொல்வோம். நாக்கு வந்து துண்டில் முட்டி நிற்கும். மோட்டார் உறுமும், உள்ளே கிளட்ச் வழுக்கும், லாக் விழவே கூடாது. துண்டு உள்ளே இருக்கும்போது லாக் விழுந்தால் அந்த பாயிண்ட் கெட்டது, சரிபண்ணாமல் வண்டி விடக்கூடாது. துண்டின் கனம் ஒரு சின்ன ஜல்லிக்கல்லின் கனம்கூட இல்லை. அந்த அளவு இடைவெளியையே இவ்வளவு பெரிய ரயில்வே பயந்து பார்க்கிறது என்றால், அதில் எத்தனை பேருடைய உயிர் நிற்கிறது என்று நினைத்துக்கொள்.

இங்கே ஸ்டேஷன் மாஸ்டர், சிக்னல்காரன், லாக் விழாமல் சிக்னல் விடாத இன்டர்லாக்கிங் ஏற்பாடு, டிரைவர் என்று பங்கு போட்டுச் சுமக்கும் வேலை, டிராமில் உன் ஒருத்தி தலையில் வந்து நிற்கிறது. பாதை போடுவதும் நீ, அதன்மேல் போவதும் நீ. பட்டன் சின்னதாக இருக்கிறதே என்று வேலையையும் சின்னதாக நினைத்துவிடாதே.

உங்கள் ஊர் பாயிண்ட்டுக்கு இரண்டு நாக்கு இல்லை, ஒன்றுதான். வளைவின் உள்பக்கத் தண்டவாளத்தில் மட்டும் அசையும் நாக்கு இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அசையாத இரும்பு வார்ப்பு, இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டியது. நாக்கு ஒரு சக்கரத்தை இழுத்துத் திருப்பும். அதே அச்சில் இருக்கும் மறு சக்கரம் வேறு வழியில்லாமல் கூடவே வரும். ரோட்டோடு ரோடாகப் புதைந்து கிடக்கும் தண்டவாளத்தில் அசையும் பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று இப்படி வைத்தார்கள். மேலே லாரியும் காரும் ஏறிப் போகும் இடமாயிற்றே. ஆனால் ஒற்றை நாக்கு என்பதால், அது சரியாக உட்காரவில்லை என்றால் கைகொடுக்க இன்னொரு நாக்கு கிடையாது.

ஓடும் வண்டியிலிருந்தே இந்த நாக்கைத் திருப்புவதற்கு மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆரம்பத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, கடப்பாரை மாதிரி ஒரு கம்பியைப் பள்ளத்தில் விட்டு நெம்பித் தள்ளிவிட்டு ஏறுவார். பயிற்சியில் உன்னையும் கம்பி பிடிக்க வைத்தார்கள் என்று சொன்னாயே, அதே கம்பிதான். கூட்டமான முக்கில் அதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தியிருப்பார்கள். பிறகு, இறங்காமலே செய்யலாமே என்று யோசித்தார்கள். டிரைவர் காலால் ஒரு மிதியை மிதித்தால் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கம்பி இறங்கி, ரோட்டில் பதித்த தகட்டைத் தள்ளி நாக்கை நகர்த்த வேண்டும் என்பது யோசனை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு நிறையப் பேர் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். படம் போட்டுப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். தெருவில் என்ன ஆகும்? ஆள் ஏறினால் வண்டி ஸ்பிரிங்கில் தாழும், இறங்கினால் உயரும், கம்பி தகட்டைத் தொடும் உயரம் மாறிக்கொண்டே இருக்கும். தகட்டின் பள்ளத்தில் சேறும் சாணமும் கல்லும் அடைக்கும். பனி விழுந்தால் உறைந்துபோகும். இரும்பையும் இரும்பையும் ஓட்டத்தில் முட்டவிட்டால் ஒன்று வளையும், இல்லையென்றால் தேயும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. அதை யோசித்த மூளையைக் கும்பிட வேண்டும். டிராமுக்குக் கரண்ட் வருவது தலைக்கு மேலே போகும் ஒற்றைக் கம்பியிலிருந்து, 600 வோல்ட் அளவில். பாயிண்டுக்கு முன்னால் அந்தக் கம்பியில் ஒரு தொடுதகட்டை மாட்டினார்கள். கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கும் வண்டியின் கூரைக் கம்பம் அதைத் தொட்டுப் போகும் நேரத்தில், மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், வழியாகத்தான் போக வேண்டும். டிரைவர் கரண்ட் வைத்து ஓட்டினால் காயிலுக்கு வலு வந்து நாக்கை ஒரு பக்கம் இழுக்கும். கரண்டை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருள விட்டால் இன்னொரு காயில் அதை மறுபக்கம் இழுக்கும். தனி பட்டன் இல்லை, வண்டியிலிருந்து பாயிண்டுக்குத் தனி ஒயர் இல்லை. வண்டி எவ்வளவு கரண்ட் குடிக்கிறதோ அதுவே உத்தரவு! ஆனால் விளக்குக்கும் ஹீட்டருக்கும் போகும் கரண்டுக்கு அசையாமல், மோட்டார் இழுக்கும் கரண்டுக்கு மட்டும் அசைகிற மாதிரி காயிலை அளந்து சுற்ற வேண்டும். மேட்டில் நிற்கும் வண்டி உருண்டு போக முடியாதே, கரண்ட் வைத்தே ஆக வேண்டும். அப்போது நேராகப் போக வேண்டியவன் என்ன செய்வான்? ஒவ்வொரு முக்கிலும் இதைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடுதகடு வேலை செய்வது கூரைக் கம்பம் தொடும்போது. பாயிண்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் எல்லா வண்டிக்கும் ஒன்றாக இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். டொராண்டோவில் 1980களின் கடைசியில் நடுவில் மடங்கும் நீள வண்டிகள் வந்தபோது அந்தத் தூரம் மாறிவிட்டது. அதனால் ரோட்டுக்கு அடியில் ஒயர் வளையம் புதைத்து, வண்டியின் அடியில் ஆன்டெனா வைத்தார்கள். முன் ஆன்டெனா “இந்தப் பக்கம் திருப்பு” என்று கேட்கும். பின் ஆன்டெனா கடந்த பிறகுதான் “நான் போய்விட்டேன், இனி அடுத்தவனுக்கு விடு” என்று பூட்டுத் திறக்கும். நடுவில் எவன் கேட்டாலும் நாக்கு அசையக் கூடாது.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய லாக் பார் ஞாபகம் வந்தது. மீட்டர் கேஜ் காலத்தில், கேபினில் லிவர் பிடித்து இழுத்த நாளில், பாயிண்டுக்கு முன்னால் தண்டவாளத்தை ஒட்டி ஒரு நீள இரும்புப் பட்டை இருக்கும். லாக்கைத் திறக்க வேண்டுமானால் அது மேலே எழும்பி இறங்க வேண்டும். சக்கரம் மேலே நின்றால் எழும்பாது, கேபின்மேன் என்ன முக்கினாலும் லிவர் வராது. வண்டியின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் எவ்வளவு பெரிய இடைவெளி வருமோ, அதைவிடப் பட்டை நீளமாக இருக்கும். கரண்ட் இல்லை, ஆன்டெனா இல்லை, காரியம் அதேதான்: வண்டி மேலே இருக்கும்போது நாக்கு அசையக் கூடாது.

அசைந்தால் என்ன ஆகும் என்று நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டும். முன்சக்கரங்கள் நேராகப் போயிருக்கும். நாக்கு திரும்பிவிட்டால் பின்சக்கரங்கள் வளைவில் போகும். உன் வண்டி 30 மீட்டர் நீளம். தலை ஒரு தெருவிலும் வால் ஒரு தெருவிலும் போனால் நடு உடம்பு முக்கின் குறுக்கே அடித்துக்கொண்டு வரும், அங்கே ரோடு கடக்க நிற்பவர்கள் பக்கம். வளையமும் ஆன்டெனாவும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொல்லும் என்றே வை, மீதி ஒரு தடவைக்குப் பட்டன் உனக்கு எதுவும் சொல்லாது. பட்டனுக்குத் தெரிவது நீ கேட்டாய் என்பது மட்டும்தான். நாக்கு போய் உட்கார்ந்ததா என்பதை நாக்குதான் சொல்லும்.

சித்திரைத் தேரை நினைத்துப் பார். திருக்கல்யாணத்துக்கு மறுநாள் கீழமாசி வீதியிலிருந்து தேர் கிளம்பினால், வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் முன்னால் இருப்பார்கள். அவர்களுக்குச் சக்கரம் தெரியாது. தேரைத் திருப்புவது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வந்து கட்டை கொடுப்பவர்கள். விளக்குத்தூண் முக்கில் தேர் தெற்குமாசி வீதிக்குத் திரும்பும்போது அவர்கள் கண்ணைக் கவனித்திருக்கிறாயா? கூட்டத்தையும் பார்க்க மாட்டார்கள், தேரையும் பார்க்க மாட்டார்கள். கட்டையும் சக்கரமும் சேரும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். நீ பாயிண்டுக்கு முன்னால் பார்க்க வேண்டிய பார்வை அதுதான்.

எப்படிப் பார்ப்பது என்றும் சொல்கிறேன். நாக்கு எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று பார்க்காதே, எந்தப் பக்கம் பள்ளம் திறந்திருக்கிறது என்று பார். சக்கரத்தின் விளிம்பு போகப் போவது அந்தப் பள்ளத்தில்தான். நுனி முழுசாக ஒட்டியிருந்தால் ஒரு பக்கம் பள்ளமே தெரியாது. இரண்டு பக்கமும் கோடு மாதிரி இடைவெளி தெரிந்தால் அது நடுவில் நிற்கிறது, அங்குலம்கூட நகராதே. மழை ராத்திரியில் தண்டவாளத்தின் பளபளப்பு ஏமாற்றும், நாக்கின் ஓரத்தில் விழும் நிழலைப் பார். பனிக்காலத்தில் உப்புப் போடுவார்கள் என்றாய். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும், ஒயரையும் தின்னும், அந்த மாதங்களில் பட்டனை இன்னும் கொஞ்சம் குறைவாக நம்பு. ட்ரெய்லிங் பக்கம், அதாவது கிளை வந்து சேரும் பக்கம், சக்கரமே நாக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பயம் எல்லாம் ஃபேசிங் பாயிண்டில்தான், பாதை பிரியும் இடத்தில்.

பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அவன் அவசரம் அவனுக்கு. கண்ணாடியில்கூட அவனைப் பார்க்காதே, நீ பார்க்க வேண்டியது முன்னால் கிடக்கிறது. பட்டன் கேட்கவில்லை என்றால் வெட்கப்படாமல் இறங்கு, கம்பியை எடு, நெம்பித் தள்ளு, உட்கார்ந்ததா என்று கம்பி நுனியால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறு. இருபது பேர் வேடிக்கை பார்த்தாலும் அது உன் தொழில். எங்கள் பாயிண்ட்ஸ்மேன்கள் கொட்டுகிற மழையில் கையால் திருப்பி, பூட்டு மாட்டி, கொடி காட்டி வண்டி விட்டிருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதைதான்.

உன் தாத்தா மெட்ராஸில் வேலை பார்த்த காலத்தில் டிராமில்தான் போய்வருவாராம். அங்கே 1895லேயே கரண்ட் டிராம் ஓட ஆரம்பித்து 1953ல் நின்றுபோனது. முதலில் கரண்டை ரோட்டுக்கு அடியில் குழி வெட்டித்தான் கொண்டுபோனார்கள். பருவமழைத் தண்ணீர் அந்தக் குழிக்குள் புகுந்து கெடுத்ததால், பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். தெருவுக்குள் எதைப் புதைத்தாலும் முதல் எதிரி தண்ணீர்தான். அரசரடி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில் பாயிண்ட் மெஷினுக்குள் தண்ணீர் ஏறாமல் பார்ப்பதே எங்களுக்குப் பாதி வேலை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டிப்போவில் பாயிண்ட் பராமரிக்கும் ஆட்கள் இருப்பார்கள், அவர்களிடம் பழக்கம் வைத்துக்கொள், டிரைவருக்கு அது ரொம்ப உதவும். ரோட்டுக்குள் அந்த நாக்கைத் தள்ளும் பெட்டியைத் திறந்து வேலை பார்க்கும்போது, உன் ஷிஃப்ட் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர்களிடம் அனுமதி கேட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பெட்டிக்குள் சேரும் தண்ணீர் எந்த வழியாக வடிகிறது, பனி உறையாமலிருக்க ஹீட்டர் வைத்திருக்கிறார்களா, நாக்குக்கு அடியில் எண்ணெய் விடுகிறார்களா இல்லை கிராஃபைட் பூசுகிறார்களா, இந்த மூன்றையும் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா
அரசரடி, மதுரை