இரவுப் படங்களில் நாய்ஸ் நீக்கும் அளவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாசகர்கள் எடுத்த திருவிழாப் படங்களைத் தாங்கள் வெளியிடுவது நல்ல முயற்சி. ஆனால் அவற்றில் பல, தங்கள் அலுவலகத்துக்கு வரும் முன்பே கெட்டுவிடுகின்றன. நாய்ஸ் (குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தோன்றும் புள்ளிகள்) தெரிகிறதே என்று, லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் அதைக் குறைக்கும் லூமினன்ஸ் ஸ்லைடரை 70, 80 வரை இழுத்துவிடுகிறார்கள். பட்டுச்சேலையின் ஜரிகை, புருவ முடி, விபூதிப் பட்டையின் ஓரம் எல்லாம் புள்ளிகளோடு சேர்ந்து அழிகின்றன. முகம் மெழுகுப் பொம்மைபோல ஆகிவிடுகிறது.

நிழல் பகுதியில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது நிற நாய்ஸ். அதை நீக்கினால் நுணுக்கம் அதிகம் போகாது. ரா கோப்புக்கு (கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) நிற நாய்ஸ் ஸ்லைடரை லைட்ரூமே 25இல் வைத்துவிடுகிறது, பெரும்பாலும் அது போதும். மணல் தூவியதுபோல் இருப்பது ஒளி நாய்ஸ், அதாவது லூமினன்ஸ் நாய்ஸ். துணியின் நெசவும் தோலின் துளைகளும் அதே அளவில் இருப்பதால் இந்த ஸ்லைடருக்கு இரண்டையும் சரியாகப் பிரிக்கத் தெரியாது. அதனால்தான் லூமினன்ஸ் 0 என்றே தொடங்குகிறது.

படத்துக்குப் படம் ஸ்லைடரை இழுக்காமல், ஐஎஸ்ஓவுக்கு (கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண்) ஏற்ப ஒருமுறை அமைத்துவிடலாம். லைட்ரூம் கிளாசிக்கில் 2020 முதல் இந்த வசதி உண்டு. ஒரே கேமராவில் 400, 1600, 6400 ஐஎஸ்ஓவில் எடுத்த மூன்று ரா படங்களை 100 சதவீதப் பெரிதாக்கத்தில் பார்த்து லூமினன்ஸை அமைக்கவும். 0, 12, 30 என்று தொடங்கிப் பார்க்கலாம். மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ‘கிரியேட் ப்ரீசெட்’ (அமைப்புகளைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் வசதி) போய், நாய்ஸ் ரிடக்ஷனை மட்டும் டிக் செய்து, ஐஎஸ்ஓ அடாப்டிவ் என்பதையும் தேர்வு செய்யவும். ஒரே படம் தேர்வில் இருந்தால் அந்த வாய்ப்பு கிடைக்காது. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாப் படத்திலும் அவையும் ஏறிவிடும். பிறகு ‘ப்ரெஃபரன்சஸ்’ திறந்து ‘ப்ரீசெட்ஸ்’ பக்கத்தில் அந்தக் கேமராவுக்கு இதையே தொடக்க அமைப்பாக்கலாம். இடைப்பட்ட ஐஎஸ்ஓக்களுக்கு மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். இனி இறக்கும் ரா படங்களுக்குத்தான் இது பொருந்தும். பழையவற்றுக்கு ‘ரீசெட்’ அழுத்த வேண்டும், ஆனால் அப்போது முன்பு செய்த திருத்தங்களும் போய்விடும்.

இலவச மென்பொருளான டார்க்டேபிளில் ‘டீநாய்ஸ் ப்ரொஃபைல்ட்’ பகுதியிலேயே ஐஎஸ்ஓ வரம்பு குறித்து, தானாக ஏறும் ப்ரீசெட் செய்யலாம். அங்கே கேமராவின் பெயருக்குப் பதில் ‘ஜெனரிக்’ என்று வந்தால், அந்தக் கேமராவின் நாய்ஸ் அளவீடு மென்பொருளில் இல்லை என்று பொருள். கையால் சரிசெய்ய வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. 1600இல் இருட்டாக எடுத்து, பிறகு மென்பொருளில் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கு மடங்கு) தூக்கினால் நாய்ஸ் ஏறக்குறைய 6400 அளவுக்கு வரும். ப்ரீசெட்டோ கோப்பில் எழுதியிருக்கும் 1600ஐ மட்டுமே பார்க்கும். தெருவிளக்கில் நகரும் உற்சவரை எடுக்கையில் ஐஎஸ்ஓவை உயர்த்தத் தயங்காமல், வெளிச்சத்தைக் கேமராவிலேயே சரியாகப் பிடிப்பதே மேல். ராவுக்குப் பதில், கேமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக்கில் எடுப்பவர்கள் கேமரா மெனுவில் ‘ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்ஷன்’ என்பதை ‘லோ’வில் வைத்தால் போதும், மென்பொருளில் மறுபடி நீக்க வேண்டாம்.

நாளிதழில் 15 செ.மீ. அகலத்தில் வரும் படத்துக்கு 200 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சல்) கணக்கில் சுமார் 1,200 பிக்சல் போதும். 6,000 பிக்சல் அகலப் படத்தை அப்படிச் சுருக்கும்போது 25 பிக்சல்கள் ஒன்றாகச் சேர்ந்து, நாய்ஸ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்த்துப் பயந்த புள்ளிகளில் பெரும்பாலானவை அச்சில் தெரியவே போவதில்லை. அழித்துவிட்ட ஜரிகை மட்டும் திரும்பி வராது.

ஆகவே படங்கள் கேட்டு வெளியிடும் அறிவிப்பில், ‘லூமினன்ஸ் நாய்ஸ் நீக்காத, முழு அளவுப் படத்தையே அனுப்பவும்’ என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேவைப்பட்டால், அச்சிடும் அளவுக்குச் சுருக்கிய பிறகு தங்கள் படப்பிரிவே நீக்கிக்கொள்ளலாம்.

– புகைப்படப் பயிற்றுநர், மதுரை