பெற்றோர் குழு: செய்தி எழுதும்போது கவனிக்கவும்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை ஒருவர் "வகுப்பு எட்டு மணிக்கு" என்று எழுதியிருந்தார். அவர் கேட்டது கேள்வி, கேள்விக்குறிதான் இல்லை. அதை அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டு ஏழு பிள்ளைகள் பூட்டிய படலைக்கு வெளியே பத்து மணிவரை வெயிலில் நின்றார்கள். அவசரத்தில் எவருக்கும் நேரக்கூடியது. ஆனால் மீண்டும் நடக்கக் கூடாது.

இன்று முதல்:

1. கேள்வி என்றால் கேள்விக்குறி கட்டாயம். ஒன்று போதும், ஐந்து போட்டால் அதட்டுவதுபோல் இருக்கிறது.
2. திகதி, நேரம், இடம் மூன்றும் தனித்தனி வரியில்.
3. "சரி." என்று புள்ளி வைத்தவர் கோபமாக இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஒற்றைச் சொல் பதிலில் முற்றுப்புள்ளி இருந்தால் அது மனப்பூர்வமற்றதாகத் தோன்றுகிறது என்று 2015இல் அமெரிக்காவின் பிங்கம்டன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அது அங்குள்ள மாணவர்களின் பார்வை. நம் குழுவிலுள்ள அம்மம்மாக்கள் பள்ளிக்கூடத்தில் கற்றபடி வாக்கியத்தை முடிக்கிறார்கள், அவ்வளவுதான்.
4. இரவு 9 மணிக்குப் பின் அவசரச் செய்தி மட்டும்.

ஏட்டுச் சுவடிகளில் இந்தக் குறிகள் இல்லை. அச்சோடு வந்தவற்றைத் தமிழ் உரைநடையில் வேரூன்றச் செய்தவர்களில் முன்னிற்பவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவருடைய ஊரில் இருந்துகொண்டு நாம் அவற்றைக் கைவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஞாயிறு மாலை 4 மணிக்கு வகுப்பு மண்டபத்தில் இதுபற்றிப் பேசுவோம். "வருகிறேன்" அல்லது "இயலாது" என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் எழுதுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் வேண்டாம். எண்ணிக்கை எடுக்க முடியவில்லை.