பட்டறையை விட்டுவிடாதே

டிக்கோயா

அன்புள்ள மச்சான்,

வீட்டில் எல்லாரும் சுகம். மழை விடவில்லை, தேயிலைக் கொழுந்துக்குக் குறைவில்லை. மற்ற விசேஷங்களைப் பிறகு எழுதுகிறேன்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நம்ம கூட்டாளி ‘தொப்பி’யைக் கண்டேன், அவன்தான் சொன்னான். உன் அப்பாவின் பட்டறையை நீ ஹார்ட்வெயார் கடைக்கு வாடகைக்கு விடப்போகிறாயாம். மரத்தில் லொறிக்கு ‘பொடி’, அதாவது மேல்கூடு, கட்ட இனி எவன் வருவான் என்றாயாம். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

ஸ்கூல் லைப்ரரிப் படத்தில் பார்த்து வாய் பிளந்தோமே, அந்த மூன்று சக்கர மோர்கன் கார்! அதன் கதையைத் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் மால்வெர்ன் மலையடிவாரத்தில் கராஜ் வைத்திருந்த எச்.எஃப்.எஸ். மோர்கன், 1909-ல் தனக்காகச் செய்துகொண்ட வண்டி அது. அவருடைய அப்பா பாதிரியார், பணம் கொடுத்து உதவியது அவர்தான். மூன்று சக்கரத்துக்கு மோட்டார் சைக்கிள் வரிதான் என்பதால் நன்றாக விற்றது. மலிவான பேபி ஆஸ்டின் என்ற சின்னக் கார் வந்து அந்த வியாபாரத்தைத் தின்றது. 1936-ல் அவரும் நாலு சக்கரம் செய்ய ஆரம்பித்தார்.

நான் சொல்ல வந்தது மரத்தைப் பற்றி. கீழே உலோகச் சேஸி, அதாவது அடிச்சட்டம், அதன்மேல் ஆஷ் மரச் சட்டம், அதன்மேல் தகடு. உன் அப்பா உளியும் கொட்டாப்புளியுமாக நின்று கட்டியதும் இந்த முறையில்தானே? 1963-ல் மோர்கனின் மகன் பீட்டர் ஃபைபர் கிளாஸ் மேல்கூட்டில் புது மாடல் ஒன்று கொண்டுவந்தார். மொத்தம் 26 கார்தான் செய்தார்கள். வந்தவர்களெல்லாம் பழையதையே கேட்டார்கள், மச்சான்! 1990-ல் ஒளிபரப்பான பி.பி.சி. நிகழ்ச்சிக்காக சர் ஜான் ஹார்வி-ஜோன்ஸ் என்ற தொழில் நிர்வாக வல்லுநர் வந்து, உற்பத்தியைக் கூட்டச் சொன்னார். காருக்காகப் பல வருஷம் காத்திருந்தார்கள் ஆட்கள். அப்படியிருந்தும் பீட்டர் அவசரப்படவில்லை. 2019-ல் பெரும்பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் நாலு சக்கரக் கார்களுக்கு இன்றைக்கும் ஆஷ் மரம்தான்.

உனக்கு வட்டி கட்ட வேண்டும், பலகை விலை ஏறிவிட்டது, எல்லாம் தெரியும். மோர்கனைத் தேடி வருவது காசுள்ள ரசிகன், உன்னிடம் வருவது கொழுந்து லொறி. அதுவும் தெரியும். ஆனால் கணக்கில் முட்டை வாங்கிய நீ, இழைப்புளி பிடித்தால் அளவு பிசகியதே இல்லை. அந்தக் கையை சிமெந்து மூட்டை எண்ண வைக்காதே. வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் என்னோடு ஒருதரம் பேசு.

இன்னொன்று. நுவரெலியாவில் ஒருவரிடம் மொரிஸ் மைனர் டிரவலர் என்ற பழைய கார் இருக்கிறது. அதற்குப் பின்பக்கச் சட்டம் முழுக்க மரம். மழையில் உக்கிப்போயிருக்கிறது. கேட்ட இடமெல்லாம் முடியாது என்றுவிட்டார்களாம். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். எடுத்து ஒழுங்காகப் பேசு. மரம் எங்கே எடுக்கலாம் என்று நானும் விசாரிக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்