காவிரிக்கு வறட்சிக்காலக் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு,

காவிரியில் கர்நாடகத்திலிருந்து தமிழகத்துக்கு, எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலு வழியாக ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்ட்டில் 45.95 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) வர வேண்டும். ஆண்டுக்கு மொத்தம் 177.25 என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, மழை அந்த அட்டவணைப்படி பெய்கிறதா?

2023 ஆகஸ்ட்டில் பருவமழை பொய்த்தது. ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணையை அக்டோபரில் மூட வேண்டியதாயிற்று. டெல்டாவில் குறுவை கருகியது. அடுத்த ஆண்டு ஜூன் 12-ல் திறக்கத் தண்ணீரே இல்லை. அப்புறம் ஜூலைக் கடைசியில் குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழையில் சில நாளிலேயே அணை முழு அளவான 120 அடியைத் தொட்டது. உபரி நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. புவி வெப்பமாக ஆக, இப்படி நீண்ட வறட்சியும் திடீர்ப் பெருமழையும் கூடும் என்றுதான் அறிவியலாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

பற்றாக்குறை ஆண்டில் விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று 2007-லேயே காவிரி நடுவர் மன்றம் கூறியது. ஆனால் அதைக் கணக்கிடும் முறையில் கர்நாடகமும் தமிழகமும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு வறட்சியிலும் வழக்கும் மறியலும்தான். அதற்குள் பயிர் போய்விடுகிறது. காவிரி மேலாண்மை ஆணையம் அடுத்த ஜூனுக்கு முன்பே இந்தக் கணக்கை முடிவு செய்து அறிவிக்க வேண்டும்.

டெல்டா விவசாயி,
திருவாரூர் மாவட்டம்