பூட்டிய ஆய்வகமும் ஓய்வெடுக்கும் ஆசிரியர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளநிலை மாணவர்களின் கோடைக்கால ஆராய்ச்சி குறித்துத் தங்கள் நாளிதழ் சென்ற வாரம் வெளியிட்ட தலையங்கத்தைப் படித்தேன். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை மாணவர்களுக்காக 1987 முதல் நடத்திவரும் ஆராய்ச்சித் திட்டத்தை மனமாரப் பாராட்டிவிட்டு, நம் கல்லூரி ஆசிரியர்களோ கோடை விடுமுறையைத் தங்கள் ஓய்வுக்கு மட்டுமே உரியதாகக் கருதுகிறார்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பும் எழுதியிருக்கிறீர்கள். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நெடுங்காலமாகத் தாவரவியல் கற்பித்துவரும் எனக்கு மே மாதத்தில் ஓய்வு கிடைக்கிறது என்ற செய்தியைத் தங்கள் நாளிதழ் வழியாகத்தான் அறிந்துகொண்டேன். மிக்க நன்றி.

அந்த அமெரிக்கத் திட்டத்தின் மறுபாதி தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அங்கே தேர்வுபெறும் மாணவருக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து வாரங்களுக்கு உதவித்தொகை உண்டு. பல இடங்களில் தங்குமிடமும் பயணச் செலவும்கூடத் தரப்படுகின்றன. பேராசிரியர்களில் பலருக்குப் பல்கலைக்கழகம் தருவது ஒன்பது மாத ஊதியம் என்பதால், கோடையில் ஆராய்ச்சிக்குச் செலவிடும் காலத்துக்கு ஆராய்ச்சி நிதியிலிருந்தே ஊதியம் பெற அவர்களுக்கு வழி வைத்திருக்கிறார்கள். நம் மாநிலத்து அரசுக் கல்லூரிகளில் பாடச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மே மாதத்தில் ஊதியமே கிடையாது என்பது தங்கள் நாளிதழிலேயே பலமுறை வந்த செய்தி. நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கோ விடைத்தாள் திருத்தும் மையம், மாணவர் சேர்க்கைக் குழு, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்கான கோப்புகள் என்று மே மாதம் முழுவதும் கரைந்துபோகிறது. இவற்றுக்கு இடையிலும் மாணவர்களோடு ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு ஒருவராவது இருப்பார். தலையங்கம் எழுதியவர் அவர்களில் ஒருவரிடமாவது பேசியிருக்கலாம்.

என்னிடம் பேசியிருந்தால் எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கோடையில் நீர் வற்ற வற்றப் பாசிகளின் வகைகளும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனின் அளவும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் சென்ற ஆண்டு இரண்டாமாண்டு மாணவியர் இருவரும் மாணவர் ஒருவரும் என்னுடன் சேர்ந்து எடுத்துக்கொண்ட வேலை. இந்த வேலையை ஜூலையில் செய்ய முடியாது. கோடையில்தான் செய்தாக வேண்டும். ஆக்சிஜனை அளக்க, கரையில் நின்றபடியே நீர் நிரப்பிய புட்டியில் மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டு, பழுப்பு நிற வீழ்படிவு அடியில் இறங்கிய பிறகு அமிலம் சேர்த்து, ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து தயோசல்பேட்டைத் துளித்துளியாகச் சேர்த்துத் தரம்பார்க்க வேண்டும். காலையில் எடுத்த நீரைவிடப் பிற்பகலில் எடுத்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாக வந்தபோது, வெயிலில் சூடேறிய நீரில் அது குறைவாகத்தானே இருக்க வேண்டும் என்று பாடநூலை நம்பிய மாணவி, தான்தான் தவறாகச் செய்துவிட்டதாக எண்ணிப் பதிவேட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டார். நான் விடையைச் சொல்லவில்லை. விடியற்காலையில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பகல் முழுவதும் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன என்பதை அவரே கண்டுபிடித்து, அடித்த எண்ணுக்கு அருகில் மீண்டும் அதே எண்ணை எழுதினார். மூன்றாண்டு வகுப்பறையில் நான் கற்பிக்க முடியாத ஒன்றை அவர் அன்று கற்றுக்கொண்டார் என்றே கருதுகிறேன்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். விடுமுறையில் மின்கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக எங்கள் துறைக் கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். எவரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளக்கொளியின் கீழ்ப் பிரித்து வளர்த்து வைத்திருந்த பாசிகள் அத்தனையும் வெளிறிப்போயின. ஆய்வக உதவியாளர் விடுப்பில் இருந்ததால் சாவி அலுவலகத்தில் இருந்தது. அலுவலகமோ செயலரின் கையொப்பம் இல்லாமல் சாவியைத் தர மறுத்தது. பெண்கள் விடுதி ஏப்ரல் இறுதியிலேயே மூடப்பட்டுவிட்டதால் மாணவியர் இருவரும் தங்கள் ஊர்களிலிருந்து அதிகாலைப் பேருந்தைப் பிடித்து வந்தார்கள். அந்த மாணவர், குடும்பச் சூழ்நிலையால், மே மாத நடுவில் திருப்பூர்ப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். மாதந்தோறும் ஒரு சிறு உதவித்தொகை கிடைத்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார். இதையும் ஆசிரியரின் ஓய்வு மனப்பான்மையில் சேர்த்துக்கொள்வீர்களா என்று தெரியவில்லை.

தலையங்கத்தின் இறுதியில் சர் சி.வி.ராமனையும் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே 1906இல் லண்டன் ஆய்விதழ் ஒன்றில் அவர் கட்டுரை வெளியிட்டார் என்பது உண்மை. ஆனால் 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போன அவர், அலுவலகத்துக்கு முன்பும் பின்பும் ஆராய்ச்சி செய்ய முடிந்ததற்குக் காரணம், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகம் அந்த வேளைகளில் அவருக்குத் திறந்திருந்ததுதான். அவருடைய அண்ணன் மகனும் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளருமான சந்திரசேகர், மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே 1928 கோடையில் அந்தக் கல்கத்தா ஆய்வகத்துக்குச் சென்று வந்தார். மறு ஆண்டே ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அவருடைய கட்டுரை வந்தது. சித்தப்பா ஆய்வகம் வைத்திருக்காத மாணவர்களுக்கு என்ன வழி என்பதைத் தலையங்கம் சொல்லியிருந்தால் பயனுள்ளதாக இருந்திருக்கும்.

பள்ளி இறுதி வகுப்பிலும் இளநிலைத் தொடக்கத்திலும் இருந்த மாணவர்களை அறிவியல் ஆராய்ச்சியின்பால் ஈர்ப்பதற்காக 1999இல் மத்திய அரசு தொடங்கிய கிஷோர் வைஞானிக் புரோத்சாகன் யோஜனா 2022இல் மத்திய அரசின் மற்றோர் அறிவியல் ஊக்கத் திட்டமான இன்ஸ்பயருடன் இணைக்கப்பட்டு, தன் தனித் தேர்வையும் இழந்தபோது தாங்கள் தலையங்கம் ஏதும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. இறுதியாண்டு ஆய்வறிக்கைகளை மாணவர்கள் கடைகளில் விலைக்கு வாங்குகிறார்கள் என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டு, அதற்கும் ஆசிரியர்களையே சாடினீர்கள். அதே வாரத்தில் தங்கள் வரி விளம்பரப் பகுதியில் அத்தகைய பிராஜெக்ட் சென்டர்களின் விளம்பரங்கள் தொலைபேசி எண்களுடன் வந்திருந்தன. எங்கள் கண்மாய் ஆய்வுக் கட்டுரையில் மாணவியின் பெயரை முதலில் போட்டபோது, கண்மாய்ப் பக்கமே வராத மேலதிகாரி ஒருவர் தம் பெயர் ஏன் இல்லை என்று என்னிடம் விளக்கம் கேட்டதெல்லாம் தங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் இத்துறையில் இருப்பவர் எவரைக் கேட்டாலும் இதுபோன்ற கதையொன்றைச் சொல்வார்.

தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமி உள்ளிட்ட மூன்று தேசிய அறிவியல் அகாதமிகள் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை வழங்குகின்றன. அதற்கு மாணவர்களைப் போலவே ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப அறிவிப்பு கோடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடுவதால், சிற்றூர்க் கல்லூரி மாணவர்கள் அதைப் பற்றிக் கேள்விப்படும்போது கடைசித் தேதி கடந்திருக்கிறது. இந்த ஆண்டு அந்த அறிவிப்பு வெளிவரும்போது, சென்னைப் பதிப்பில் மட்டுமல்லாமல் எல்லாப் பதிப்புகளின் கல்விப் பக்கத்திலும் நான்கு வரிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் கல்லூரியின் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். எங்கள் செயலர் தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர். அடுத்த கோடையிலும் ஆய்வகச் சாவியை நான் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தாவரவியல் இணைப் பேராசிரியை ஒருவர்,
மதுரை மாவட்டம்.